வேப்பெண்ணெய், வண்டுப்பொறி, கரப்பான் பசை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் வீட்டுக்கு மூன்று ஆண்டுகளாக ஒரு பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் இளைஞர் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். சுவரோரம், அலமாரிகளின் அடிப்பகுதி, குளியலறைச் சாக்கடை மூடி என்று எல்லா இடத்திலும் ஒரே மருந்தை அடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கதவைச் சாத்தி வெளியே இருக்கச் சொல்வார். மருந்தின் பெயர் என்ன என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். "ஹெர்பல்தானுங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்ற பதில்தான் ஒவ்வொரு முறையும் கிடைத்தது. ஒன்றும் ஆகாத மருந்துக்கு இரண்டு மணி நேரம் தெருவில் நிற்பானேன் என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கரப்பான்கள் ஒரு மாதம் கண்ணில் படாமல் இருந்துவிட்டு, மறு மாதம் முன்னைப்போலவே வந்துவிடும்.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிகளுக்காக மருந்து வைக்கப்பட்ட ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகள் உயிரிழந்த செய்தி வந்தபோது, எங்கள் வீட்டில் தவழும் வயதில் பேத்தி இருந்தாள். ஒப்பந்தத்தை அந்த மாதமே நிறுத்திவிட்டோம். அதன்பின் ஓராண்டுக்கு மேலாக, கோவையில் உள்ள இந்த வீட்டின் சமையலறைக்கும் மொட்டை மாடியில் உள்ள 40 செடிப் பைகளுக்கும் நச்சு குறைந்தவை என்று சொல்லப்படும் பொருள்களை ஒவ்வொன்றாக, சொந்தப் பணத்தில் வாங்கிப் பார்த்தேன். அவற்றுள் எவை விலைக்குத் தகுந்தவை, எவை அல்ல என்பதே இந்த மதிப்பீடு. நச்சு குறைந்தது என்றுதான் சொல்கிறேன். நச்சே இல்லாதது என்று சொல்லவில்லை.

முதலில் வாங்கிய பொருளே ஏமாற்றம். "100 விழுக்காடு இயற்கை" என்று பச்சை எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு தெளிப்புப் புட்டி, பல்பொருள் அங்காடியில் கிடைத்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தபோதுதான் அதில் என்ன கலந்திருக்கிறது என்பதோ, எவ்வளவு கலந்திருக்கிறது என்பதோ, பதிவு எண்ணோ எதுவுமே இல்லை என்பது தெரிந்தது. நம் நாட்டில் பூச்சிக்கொல்லிகளுக்கென்று 1968-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதன்படி பதிவு பெற்ற மருந்துகளின் உறையில் ஒரு சாய்சதுரமும், அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறமும் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நச்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை மிகக் குறைந்தது. எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வில், பாதி எலிகளைக் கொல்ல உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் போதும் என்றால் சிவப்பு. 5,000 மில்லிகிராமுக்கு மேல் தேவை என்றால் பச்சை. மூன்று ஆண்டுகள் பணம் கட்டி மருந்து அடிக்கச் சொன்ன நான் இந்தச் சாய்சதுரத்தை ஒருமுறைகூடப் பார்க்கக் கேட்டதில்லை. அந்த இயற்கைப் புட்டி கற்பூரமும் புல்தைலமும் கலந்த வாசனையோடு இருந்தது. கரப்பான் அந்த ஈரத்தின் மேலேயே நடந்து போயிற்று.

சமையலறைக்கு இதுவரை வாங்கியவற்றில் மிகச் சிறந்தது ஊசிக்குழாயில் வரும் கரப்பான் பசைதான். இதில் இயற்கை எதுவும் இல்லை. நான் வாங்கியது பிப்ரோனில் என்ற செயற்கை மருந்து 0.05 விழுக்காடு கலந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 30 கிராம் குழாய் முழுவதிலும் உள்ள மருந்து 15 மில்லிகிராம்; ஒரு தடவைக்கு நான் பயன்படுத்தியது குழாயில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5 மில்லிகிராம். அதுவும் கதவுக் கீலின் இடுக்கிலும், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்திலும், அடுப்பு மேடைக்கு அடியில் குழாய் நுழையும் துளையிலும் மிளகு அளவுப் பொட்டாக வைக்கப்படுகிறது. காற்றில் பரவுவதில்லை, தரையில் படிவதில்லை, குழந்தையின் கைக்கு எட்டுவதில்லை. மருந்து எவ்வளவு கொடியது என்பதைப் போலவே அது எங்கே, எவ்வளவு, யார் கைபடும் இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம் என்று இந்தப் பொட்டுகள் எனக்குப் புரியவைத்தன.

இந்தப் பசை வேலை செய்யும் விதம் சற்று அருவருப்பானது. பசையைத் தின்ற கரப்பான் உடனே சாவதில்லை. தன் ஒளிவிடத்துக்குத் திரும்பி அங்கே சாகிறது. அதன் கழிவையும் உடலையும் மற்றவை தின்னும், அவையும் சாகும். எனவே வைத்த மறுநாள் பகலிலேயே சில கரப்பான்கள் தள்ளாடி வெளியே வருவதைக் கண்டு, பசை பயனில்லை என்று எண்ணிச் சாதாரணத் தெளிப்பு மருந்தை எடுத்துவிடக் கூடாது. நான் முதல் தடவை அதைத்தான் செய்தேன். தெளிப்பின் நெடி பட்ட பசையை அதன்பின் எந்தக் கரப்பானும் தீண்டவில்லை. இரண்டாம் தடவை வீட்டு வேலைக்கு வரும் அம்மா, ஏதோ அழுக்கு என்று நினைத்துப் பாதியைத் துடைத்துவிட்டார். அவரிடம் முன்பே சொல்லாதது என் தவறு. மூன்றாம் தடவைதான் முறையாக அமைந்தது. நம் சமையலறைகளில் திரியும் சிறிய பழுப்பு நிற ஜெர்மன் கரப்பானின் பெட்டை, 30 முதல் 40 முட்டைகள் கொண்ட கூட்டைக் குஞ்சு பொரிக்கும் தறுவாய் வரை வயிற்றிலேயே சுமந்து திரியும் என்பதால், முதல் பொட்டு வைத்து நான்கு வாரம் கழித்து ஒருமுறை மீண்டும் வைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பின் எட்டு மாதமாகச் சமையலறையில் ஒன்றிரண்டுக்கு மேல் பார்க்கவில்லை. சாக்கடை வழியாக வரும் பெரிய கரப்பானுக்கு இந்தப் பசை அவ்வளவு உதவவில்லை. அதற்கு வடிகாலில் நெருக்கமான சல்லடை மூடி போட்டதே போதுமானதாக இருந்தது.

எறும்புக்குக் கடைப்பொருள் எதுவும் தேவைப்படவில்லை. மருந்துக் கடையில் போரிக் பவுடர் என்று கேட்டால் கிடைக்கும். கேரம் பலகையில் தூவிய தலைமுறைக்கு அது புதிய பொருளல்ல. அரை லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சர்க்கரையும் 5 கிராம் போரிக் பவுடரும் கரைத்து, பஞ்சில் நனைத்து, துளையிட்ட சிறு டப்பிக்குள் வைத்து எறும்புச் சாரையின் ஓரத்தில் வைத்தேன். அளவைக் கூட்டினால் விரைவில் பலன் கிடைக்கும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. ஒரு விழுக்காட்டுக்கு மேல் போனால் வேலைக்கார எறும்பு வழியிலேயே செத்துவிடும். புற்றுக்குள் இருக்கும் ராணிக்கும் குஞ்சுகளுக்கும் அது போய்ச் சேராது. முதல் இரண்டு நாளில் எறும்பு இரண்டு மடங்காகக் கூடும், பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்பதாம் நாள் சாரை நின்றது. போரிக் பவுடர் குழந்தைகள் விழுங்கினால் தீங்கானது என்பதால் டப்பியை நாடா ஒட்டி மூடி, மேடைக்குப் பின்னால்தான் வைத்தேன்.

இனி, நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கும் பொருள். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த தானிய வண்டுப்பொறி லாலி ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்களுக்கே பல காலம் தெரியாமல் இருந்தது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை: ஒரு முழத்துக்குக் குறைவான குழாய், அதன் மேல்பாகம் முழுவதும் 2 மில்லிமீட்டர் துளைகள், அடியில் கழற்றக்கூடிய கூம்பு. அரிசிக்குள் செங்குத்தாகச் செருகி வைத்துவிட வேண்டும். குழாயின் வாய் அரிசியின் மேல்மட்டத்தோடு இருக்க வேண்டும். மருந்தும் இல்லை, மின்சாரமும் இல்லை, கவர்ச்சிப் பொருளும் இல்லை. வண்டுகள் காற்றோட்டமான இடத்தை நாடிச் செல்லும் இயல்புடையவை. தானியத்துக்குள் துளைகளின் வழியே காற்று இருக்கும் வெற்றிடத்தை உணர்ந்து உள்ளே நுழைகின்றன. நுழைந்தவை வழுக்கிக் கூம்புக்குள் விழுகின்றன. ஏறி வர முடிவதில்லை. அவ்வளவுதான் இதன் நுட்பம்.

இதன் அருமை புரிய அரிசி வண்டின் பிழைப்பைச் சற்று அறிந்திருக்க வேண்டும். பெட்டை வண்டு அரிசி மணியில் மூக்கால் துளையிட்டு, உள்ளே ஒரு முட்டையை வைத்து, துளையை அடைத்துவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வருகிறது. எனவே மொட்டை மாடியில் அரிசியைக் காயவைக்கும்போது நம் கண்ணெதிரே ஊர்ந்து ஓடுபவை வளர்ந்த வண்டுகள் மட்டுமே. முட்டையும் புழுவும் மணிக்குள் பத்திரமாக மறுபடி பானைக்குத் திரும்பிவிடுகின்றன. அடுத்த மாதம் மீண்டும் வண்டு வரும்போது, "போன மாசந்தானே காயவெச்சோம்" என்று அலுத்துக்கொள்வோம். பொறி செய்வது வேறு: வளர்ந்த வண்டு முட்டை வைப்பதற்கு முன் அதைப் பிடித்துவிடுகிறது. அரிசி மூட்டை வீட்டுக்கு வந்த அன்றே செருகினால்தான் இது பயன்படும். வண்டு பெருகி மேலே நடமாடத் தொடங்கியபின் செருகினால் பிடிபடும் எண்ணிக்கை பெரிதாக இருக்கும், சேதம் முன்பே நடந்திருக்கும்.

நான் 25 கிலோ அரிசிக்கு இரண்டு பொறிகள் வைத்தேன். முதல் மூட்டையில், ஏற்கெனவே வண்டு விழுந்திருந்த நிலையில், முதல் வாரத்தில் மட்டும் 60-க்கு மேல் பிடிபட்டன. கூம்பைக் கழற்றிக் கொட்டும்போது பேத்தி எண்ணி விளையாடும் அளவுக்கு. இரண்டாம் மூட்டை முதல், வந்த அன்றே செருகியதால், வாரத்துக்கு இரண்டு மூன்றுதான். துளைகளில் அரிசித் தூசி அடைத்துக்கொள்வது இதன் ஒரே குறை. பழைய பல்துலக்கியால் வாரம் ஒருமுறை தேய்த்தால் போதும். இன்னொன்று: பருப்பைத் தாக்கும் பயறு வண்டு மேல்பரப்பிலேயே உலவும் வகையைச் சேர்ந்தது, அதற்கு இந்தக் குழாய் அத்தனை ஏற்றதல்ல, பல்கலைக்கழகமே அதற்கு வேறு வகைப் பொறி வைத்திருக்கிறது. விலை, தபால் செலவு சேர்த்தும் ஒரு வேளைக் குடும்ப உணவகச் செலவுக்குள் அடங்கிவிட்டது. தானியத்துக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஈரம் பட்டால் உயிர்க்கொல்லி வாயுவை வெளியிடும் அந்தப் பொருள், ஆட்கள் படுத்துறங்கும் வீட்டுக்குள் எக்காரணம் கொண்டும் வரக் கூடாதது.

அரிசியை விட்டுப் பருப்புக்கு வரும்போது என் மனைவி வசம்பை முன்வைத்தார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வசம்புத் துண்டுகளைத் துவரம்பருப்பு டப்பாவில் போட்டோம். வண்டு வரவில்லை, ஆனால் சாம்பாரில் வசம்பு வாசம் வந்தது. இதுமட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் பெற்ற மூலிகை என்பதால் இதைக் குறைசொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இந்திய வகை வசம்பின் எண்ணெயில் பெருமளவு இருக்கும் பீட்டா-அசரோன் என்ற பொருள் ஆய்வக விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968 முதல் வசம்பை உணவில் சேர்ப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. பூச்சியை விரட்டும் ஆற்றல் ஒரு செடிக்கு இருக்கிறது என்றால், அது ஏதோ ஓர் உயிருக்கு நஞ்சு என்றுதான் பொருள். எங்கள் வீட்டில் இப்போது காய்ந்த மிளகாய் இரண்டும், இரும்புச் சட்டியில் லேசாக வறுத்து ஆறவைத்த பருப்பும், இறுக்கமான மூடியும்தான்.

மொட்டை மாடிக்குப் போவோம். அங்கே எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் வேப்பெண்ணெய். அதைப் பற்றி எனக்கு மதிப்பு அதிகம். மனத்தாங்கலும் சிறிது உண்டு. கடையில் இந்தப் பெயரில் இரு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. செக்கில் ஆட்டி லிட்டர் கணக்கில் விற்கும் கசப்பெண்ணெய் ஒன்று; அசாடிராக்டின் என்னும் வேதிப்பொருள் எவ்வளவு என்று பிபிஎம் கணக்கில் குறித்து, தண்ணீரில் கலக்கும்படி தயாரித்த பூச்சிமருந்து மற்றொன்று. 1500 பிபிஎம் என்றால் 0.15 விழுக்காடு, 10,000 பிபிஎம் என்றால் ஒரு விழுக்காடு. செக்கெண்ணெயில் இந்த அளவு கொட்டைக்குக் கொட்டை, ஆட்டுக்கு ஆட்டு மாறும். எண்ணெயாக இலையைப் பூசி, அசுவினி போன்ற மெல்லுடல் பூச்சிகளை மூச்சுத் திணறச் செய்வதே அதன் முதன்மையான வேலை. நான் இரண்டையும் பயன்படுத்தினேன். கத்தரியிலும் தக்காளியிலும் அசுவினிக்கு இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்தன. வெண்டையில் இலையைத் தின்னும் புழுவுக்குப் பிபிஎம் குறித்த மருந்து தெளிவாக மேலானதாக இருந்தது.

இந்த மருந்து பூச்சியை அடித்து வீழ்த்துவதில்லை என்பதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் குறை சொல்கிறார்கள். அசாடிராக்டின் புழுவின் பசியைக் கெடுக்கிறது. அது தோலுரித்து அடுத்த பருவத்துக்கு வளர்வதற்குத் தேவையான இயக்குநீரைக் குலைக்கிறது. ஆகவே தெளித்த மறுநாளும் புழு இலைமேல் உயிரோடு இருக்கும், ஆனால் தின்றிருக்காது. அதன் வளர்ச்சி நின்று, நான்கைந்து நாளில் சுருங்கிப் போகும். வளர்ந்த பெரிய புழுவிடம் இது பலிப்பது குறைவு. அதைக் கையால் எடுத்துப் போடுவதே விரைவு. வெயிலில் இந்தப் பொருள் சிதைந்துவிடுவதால் காலையில் அடித்தால் பாதிப் பணம் ஆவியாகிவிடுகிறது. மாலை ஐந்து மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் தெளிக்க வேண்டும். மாலையில் தெளிப்பதால் பூவுக்கு வரும் தேனீக்கும் தொல்லை குறைவு.

செக்கெண்ணெயைத் தண்ணீரில் கலப்பதுதான் பெரும்பாடு. லிட்டருக்கு 5 மில்லி எண்ணெயை முதலில் காதி சோப்புக் கரைசலில் நன்கு குழைத்துப் பால்போல வந்தபின் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். துணி துவைக்கும் தூளைக் கலந்த அன்று மிளகாய்ச் செடியின் கொழுந்தெல்லாம் கருகிப் போயிற்று. மார்கழிக் குளிரில் புட்டியில் உள்ள எண்ணெய் உறைந்து நெய்போல நிற்கும்; வெந்நீரில் புட்டியை வைத்தால் இளகிவிடும். ஆனி, ஆடி மாதங்களில் வேப்பம்பழம் உதிரும் தெருவில் குடியிருப்பவர்கள் இதற்குப் பணமே செலவழிக்க வேண்டாம்: காய்ந்த கொட்டையின் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடித்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்தால் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் 5 விழுக்காட்டு வேப்பங்கொட்டைக் கரைசல் கிடைத்துவிடும். அதை அன்றே தெளித்துவிட வேண்டும். இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும்: வேப்பெண்ணெய்ப் புட்டியைப் பூசை அலமாரியில் வைக்கும் அளவுக்கு நாம் அதை நம்புகிறோம், ஆனால் மலேசியாவில் 1980-களின் தொடக்கத்தில், வீட்டு வைத்தியமாக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வலிப்பும் மயக்கமும் கண்டதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. எங்கள் வீட்டில் அந்தப் புட்டி பூட்டிய அலமாரியில்தான் இருக்கிறது.

வேப்பெண்ணெய் தோற்ற இடம் செம்பருத்தி. மாவுப்பூச்சியின் உடலை மூடிய மெழுகுப் பொடி எண்ணெயையும் தண்ணீரையும் அண்டவிடுவதில்லை. குழாயில் விசையாகத் தண்ணீரைப் பீய்ச்சி, பின் காதி சோப்புக் கரைசலை மட்டும் அடித்ததில் ஓரளவு குறைந்தது. இருந்தும் எறும்புகள் புதிய மாவுப்பூச்சிகளைக் கொழுந்துக்குச் சுமந்து வந்துகொண்டே இருந்தன. மாவுப்பூச்சி கசியும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. எறும்பை விட்டுவிட்டு மாவுப்பூச்சியை மட்டும் அடிப்பது வீண். செடிப் பையைத் தண்ணீர்த் தட்டின் நடுவே கல்மேல் ஏற்றி வைத்தபின்தான் (தட்டின் நீரை மூன்று நாளுக்கொருமுறை கொட்டி மாற்றினேன், கொசுவை நினைத்து) எறும்பின் வழி அடைபட்டது. அதன்பின் செடியில் மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளையாக, ஆனால் அதைவிடப் பெரிதாக, விறுவிறுவென்று நகரும் ஏதோ ஒன்றைக் கண்டு, புதிய வகைப் பூச்சி என்று நாலைந்தை நசுக்கிவிட்டேன். அவை ஆஸ்திரேலியப் பொறிவண்டின் குஞ்சுகள். மாவுப்பூச்சியைத் தின்றே வளர்பவை. காப்பித் தோட்டப் பூச்சிகளுக்காக 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம் அது. அழைக்காமல் வந்த அந்த விருந்தாளிகளில் மிஞ்சியவை மூன்று வாரத்தில் செம்பருத்தியைச் சுத்தமாக்கின.

இந்த ஊருக்கு இது புதிய பாடமும் அல்ல. 2008-இல் கோவையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழகமெங்கும் பரவியபோது, எந்த மருந்தும் அதை நிறுத்தவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட எள்ளைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிதான் நிறுத்திற்று.

மஞ்சள் ஒட்டும் அட்டையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளை ஈயும் சிறகு முளைத்த அசுவினியும் மஞ்சளை நாடி வந்து ஒட்டிக்கொள்கின்றன. இலைப்பேனுக்கு நீல அட்டை ஏற்றது. ஆனால் இது பூச்சியை ஒழிக்கும் கருவியல்ல, பூச்சி வந்திருக்கிறது என்று சொல்லும் கருவி. அட்டையை வாரம் ஒருமுறை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை ஏறும்போது மட்டும் வேப்பமருந்தை எடுப்பது என்று வைத்துக்கொண்டதில், மாதம் நான்கு முறை தெளித்தது ஒரு முறையாகக் குறைந்தது. கடை அட்டை தீர்ந்தபின், பழைய மஞ்சள் எண்ணெய்த் தகரத்தில் விளக்கெண்ணெய் பூசித் தொங்கவிட்டேன். ஒட்டுவதில் வேறுபாடு தெரியவில்லை. 2016 முதல் பொள்ளாச்சித் தென்னைகளை வாட்டும் சுருள் வெள்ளை ஈக்குத் தோப்புகளில் கட்டப்படும் விளக்கெண்ணெய் பூசிய மஞ்சள் தாள்களும் இதே முறைதான். பொறிவண்டும் சில சமயம் ஒட்டிக்கொள்கிறது என்பதால், பொறிவண்டு தென்படும் நாள்களில் அட்டையைக் கழற்றிவிடுகிறேன்.

கொசுவுக்குத்தான் அதிகம் செலவழித்து அதிகம் ஏமாந்தேன். மின்செருகியில் பொருத்தும் மீயொலிக் கருவி ஒன்றை வாங்கினேன். கொசு அதன்மேலேயே உட்கார்ந்தது. இத்தகைய கருவிகளை விற்ற 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களை, ஆதாரமின்றி உரிமை கோருவதாக அமெரிக்காவின் வணிக ஆணையம் 2001-லேயே எச்சரித்திருக்கிறது என்பதை வாங்குவதற்கு முன் படித்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். புல்தைலம் தடவினால் ஒரு மணி நேரம். அதற்குப் பின் மறுபடி தடவ வேண்டும். மூலிகைச் சுருள் என்று விற்கப்படுவதும் எரியும்போது சுருள்தான்: ஒரு சுருள் எரிந்து வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. புகை எதிலிருந்து வந்தாலும் நுரையீரலுக்குள் போவது துகள்தான் என்பதால், சாயங்காலம் நொச்சித் தழையைப் புகைக்கும் என் சொந்தப் பழக்கத்தையும், மனமில்லாமல்தான், விட்டேன்.

பயன்பட்டவை இரண்டு. முதலாவது, சன்னல்களுக்குப் பசைநாடாவோடு வரும் கழற்றி மாட்டும் வலை. அளவெடுத்துத் தைத்துப் பொருத்திக்கொடுத்தவர் சதுர அடிக் கணக்கில் வாங்கினார். பணம் கூடுதல்தான். ஆயினும் ஒருமுறை செலவு, மருந்தில்லை, மாதாமாதம் திரவப் புட்டி மாற்ற வேண்டியதில்லை. நாடா மட்டும் வெயில் படும் மேற்குச் சன்னலில் ஆறே மாதத்தில் உரிந்து வந்தது. மறுபடி ஒட்டிக்கொடுக்கத் தனியாகப் பணம் கேட்டார். இரண்டாவது, மாடியில் உள்ள அல்லித் தொட்டிக்குப் போடும் பிடிஐ என்னும் பாக்டீரியாத் தூள். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் 1976-இல் கண்டெடுக்கப்பட்ட இந்த நுண்ணுயிர், கொசுப்புழு தின்றதும் அதன் குடலைக் கிழித்துவிடுகிறது. மீனுக்கும் தவளைக்கும் மனிதருக்கும் ஒன்றும் செய்வதில்லை. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமே இதில் நம் நாட்டு இரகம் ஒன்றைப் பிரித்தெடுத்திருக்கிறது. தின்றால்தான் சாகும் என்பதால், தீனி தின்னாத கூட்டுப்புழுப் பருவத்தை எட்டிய கொசு தப்பிவிடும். பத்து நாளுக்கொருமுறை திரும்பப் போட வேண்டியிருக்கிறது. சில்லறையாக வாங்குவது கடினம், பெரிய பொட்டலமாகத்தான் கிடைத்தது. தெருவில் நான்கு வீட்டார் பங்கிட்டுக்கொண்டோம். தொட்டி இல்லாத வீட்டுக்கு இது தேவையே இல்லை. டெங்குவைப் பரப்பும் கொசு செடித் தட்டிலும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும் நிற்கும் நல்ல நீரில்தான் முட்டை வைக்கிறது. அந்த முட்டை தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடு இருக்கும் என்பதால், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஞாயிறு காலையில் பதினைந்து நிமிட வேலை.

இத்தனைக்கும் பின் ஒரு பூச்சியிடம் நான் தோற்றேன். பூசையறை நிலைக்கதவில் கறையான் ஏறியது. வேப்பெண்ணெய் பூசினேன், மண்ணெண்ணெய் தடவினேன், மண்கூட்டைச் சுரண்டினேன். ஒரு சாண் தள்ளி மறுபடி மண் பிடித்தது. புற்று சுவருக்கு அடியில் எங்கோ இருக்கும்போது மேலே எதைத் தடவினாலும் கதவின் ஓரம் மட்டுமே காப்பாற்றப்படும். எனவே மீண்டும் ஒரு நிறுவனத்தை அழைத்தேன், பழைய நிறுவனத்தை அல்ல. தொலைபேசியிலேயே மூன்று நிபந்தனை சொன்னேன்: மருந்தின் பெயர் தெரிய வேண்டும், உறையை என்னிடம் காட்ட வேண்டும், கறையான் இருக்கும் சுவரைத் தவிர வேறெங்கும் அடிக்கக் கூடாது. வந்தவர் இமிடாகுளோபிரிட் புட்டியை மேசைமேல் வைத்து, சாய்சதுரத்தைச் சுட்டிக்காட்டி, கலக்கும் அளவையும் சொன்னார். நிலையோரத் தரையில் சாணுக்கொரு துளையிட்டு உள்ளே செலுத்தி, வெள்ளைச் சிமெண்டால் அடைத்துவிட்டுப் போனார். சமையலறைக்கும் சேர்த்து அடித்துவிடட்டுமா, சலுகை விலையில் செய்கிறோம் என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பினேன்.